பறித்த பணிவும் கொடுத்த மதிப்பும்

'நான்' என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் உரிமை நாஞ்சில் நாட்டில் எல்லோருக்கும் ஒருங்கே வாய்த்ததன்று. திருவிதாங்கூர் ஆட்சியில் அடிமைகளாய் வைக்கப்பட்டிருந்த மக்கள், மேல்சாதியார்முன் தம்மை 'அடியன்' என்றே சொல்ல வேண்டும். தாம் உண்ட சோற்றைச் சோறு என்னாமல் 'கரிக்காடி' என்னவேண்டும். பெற்ற பிள்ளைகளைக் குரங்கென்றும் கன்றென்றும் குறிக்க வேண்டும். மூச்சுக்காற்றும் தீட்டு எனப்பட்டதால், பேசும்போது வாயைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும். இவ்வழக்கங்களை இலண்டன் மிசன் ஊழியரான சாமுவேல் மட்டீர் 1871-இல் வெளிவந்த தம் நூலில் பதிந்து வைத்திருக்கிறார். தன்னை அறநிலம் என்று பெருமையோடு அழைத்துக்கொண்ட நாட்டில் இது நடந்தது.

தன் குழந்தையைத் தன் வாயாலேயே இழித்துரைக்க நேர்ந்தவனின் துயரம் சொல்லாமலே விளங்கும். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு நேர்ந்த கேட்டை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. பொத்திய வாயும் வளைந்த முதுகும் உலக இயற்கை என்றே நம்பி வளர்ந்தவன், அன்பினால் வரும் பணிவையும் அச்சத்தினால் வரும் பணிவையும் பிரித்தறியும் ஆற்றலை இளமையிலேயே இழந்துவிடுகிறான். முதுமையில் தன்னைச் சூழ்ந்தவர்களுள் தன்னிடம் உண்மை பேசுபவர் எவருமில்லை என்பதும் அவனுக்குத் தெரிவதில்லை. பணிவு அறந்தான், ஐயமில்லை. ஆயினும் பறித்து வாங்கிய பணிவு, தந்தவனுக்கும் அறமாகாது; கொண்டவனுக்கும் நலமாகாது.

1855-இல் அடிமைமுறை ஒழிந்தது. சாணார் பெண்டிர் நெடுநாள் போராடியபின், மேலாடை அணியும் உரிமையை 1859-ஆம் ஆண்டின் அரச ஆணை வழங்கியது. இவற்றுக்கெல்லாம் முன்னரே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர், தம்மிடம் வந்தவர்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நின்று வழிபடச் சொன்னார். நிமிர்ந்த தலைக்கு நிமிர்ந்த சொல் தானே வரும் என்று அவர் கண்டிருந்தார் போலும். 1936 நவம்பர் 12-ஆம் நாள் அதுவரை தடுக்கப்பட்டிருந்தோர்க்குக் கோயில் வாயில்களும் திறந்தன.

ஆணைகள் வந்த விரைவில் நாக்கு திருந்தவில்லை. அறுத்த கட்டைக் களத்தில் இறக்கிவைத்து மூச்சு வாங்கி நிற்கும் அறுபது வயது முதியவரை, பள்ளிக்குச் செல்லும் சிறுவன் 'ஏலே' என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அவர் தோளில் கிடந்த துண்டை உருவி அக்குளில் இடுக்கிக்கொண்டு, 'இன்னா வாறேன்' என்று அவன் பின்னே போவார். திண்ணையில் வெற்றிலை மென்றிருந்த பெரியவர்கள் எவரும் அச்சிறுவனைக் கண்டித்ததில்லை. என் தலைமுறையினர் பலர் இதைக் கண்ணாரக் கண்டவர்களே. இன்று அதே களத்தில் முதியவர் எவராயினும் அவரைப் 'பாட்டா' என்று அழைக்கும் பிள்ளைகளையும் காண்கிறோம். இம்மாற்றம் சிறிதன்று, எல்லா வீடுகளிலும் நிகழ்ந்துவிட்டதென்று சொல்லவும் இயலாது.

வாழ்க்கைமுறை மாறியதும் தாமே உதிர்ந்த சொற்களும் உண்டு. 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர்க்கான சட்டம், உடன்பிறந்தாள் பிள்ளைகளுக்கே சொத்துரிமை தரும் மருமக்கள்வழியை முடிவுக்குக் கொண்டுவந்தபின், ஒருகாலத்தில் வீடுகளையே நடுங்கவைத்த, குடும்பத் தலைவரான தாய்மாமனைக் குறிக்கும் 'காரணவர்' என்னும் சொல், கவிமணியின் 'மருமக்கள்வழி மான்மியம்' படிப்போர்க்கு விளக்கிச் சொல்ல வேண்டிய ஒன்றாகிவிட்டது. அதற்காக வருந்துவாரும் இல்லை.

வருந்தத்தக்கது வேறொன்று. அச்சம் நீங்கியது நன்று. அச்சத்தோடு அடக்கத்தையும் சிலர் தள்ளிவிட்டனர். மேடையில் எதிராளியின் தாயையும் குடும்பத்தையும் இழுத்துப் பேசுபவனுக்கே பெருங்கைதட்டல் கிடைக்கிறது; முன்வரிசையில் அமர்ந்து நகைப்பவர்களுள் கற்றவர்களும் இருக்கிறார்கள். வாயைப் பொத்தவைத்த கொடுமையிலிருந்து மீண்டோர் வழிவந்த நாம், பிறரை இழிவுசெய்யும் உரிமையைத்தான் விடுதலை என்று கொண்டோமா? வலியவனை எதிர்த்துக் கடுஞ்சொல் சொல்வதற்கேனும் துணிவு வேண்டும். எளியவனை இகழ எதுவும் வேண்டுவதில்லை.

வள்ளுவர் இனியவை கூறலை இல்லறவியலில், விருந்தோம்பலை அடுத்தே வைத்தார். பொதுவிடத்துப் பேச்சு வீட்டுத் திண்ணையில் உருவாகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சுட்டு எனக்குத் தெரியவில்லை. 'காலனி' என்னும் சொல் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புக்கு இழிபெயராய் நிலைத்துவிட்டதால், அது அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கத்தக்க செயல். ஆவணத்தை அரசு திருத்திக்கொள்ளும். அடுப்பங்கரையிலும் திருமணப் பேச்சிலும் அச்சொல்லைத் தாழ்ந்த குரலில் புழங்குவோர் நாமே. காலையில் குப்பை வாங்க வாசலில் வந்து நிற்கும் அம்மையாரின் பெயரை உங்கள் பிள்ளைகள் அறிவார்களா, அவரை எவ்வாறு அழைக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 'வாங்க, போங்க' என்று அவரிடம் பேச அவர்களைப் பழக்குங்கள்.