அழகை எந்தச் சுவரில் வைப்பது?

சின்ன ஃபிளாட்களுக்கு உள் அலங்காரம் செய்து கொடுப்பது என் தொழில். மொராக்கோ ஸ்டைல் வேண்டும் என்று வருகிறவர்கள் காட்டும் படங்கள் அநேகமாக ஒன்றுபோலத்தான் இருக்கும். துளையிட்ட பித்தளை விளக்கு, டிவிக்குப் பின்னால் குதிரைலாட வளைவு, நட்சத்திர டைல்ஸ், ஒரு சுவர் முழுக்க அரபி எழுத்து ஸ்டிக்கர். 600 சதுர அடிக்குள் அத்தனையும் வேண்டும். செய்துவிடலாம். ஆனால் அந்த அழகு சொந்த ஊரில் எந்தச் சுவரில் இருந்தது, யாருக்காக இருந்தது என்று கேட்காமல் எனக்கு வேலை ஓடாது. முஸ்லிம் வீட்டில் பிறந்தவள் என்பதால் இந்தக் கேள்வி எனக்குத் தொழிலோடு முடிவதுமில்லை.

மொராக்கோவின் மராக்கெஷ் நகரில் பென் யூசுஃப் மதரஸா என்ற பழைய மார்க்கக் கல்விக்கூடம் இருக்கிறது. இன்று நாம் பார்க்கும் கட்டடம் சுல்தான் அப்துல்லாஹ் அல்-காலிப் காலத்தில், 1565 வாக்கில் எழுந்தது. முற்றத்துச் சுவரின் அடிப்பகுதியில் ஜெல்லிஜ் ஓடு, அதன்மேல் எழுத்துப் பட்டை, அதற்கும் மேலே செதுக்கிய சுதை, உச்சியில் சிடார் மரம். கண்ணை எங்கே நிறுத்துவது என்றே தெரியாது. மாணவர்கள் தங்கிய அறைகளுக்குள் போனால் இவை ஒன்றும் இல்லை. சுமார் 130 அறைகள். வெறும் சுவர், பாயும் புத்தகமும் வைத்தால் நிறைந்துவிடும் தரை. பணம் போதாமல் அப்படி விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. எல்லாரும் கூடுகிற முற்றத்துக்கும் தொழுகைக் கூடத்துக்கும் அழகு. ஒருவன் தனியே படுத்துறங்கும் இடத்துக்கு அது தேவைப்படவில்லை.

ஜெல்லிஜின் கோலம் எல்லையற்ற இறைவனைக் குறிக்கிறது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது செய்யப்படும் விதம்தான் பெரிதாகப் படுகிறது. ஃபெஸ் நகரத்துக் கைவினைஞர் தரையில் உட்கார்ந்து, மெருகிட்ட ஓட்டைக் கனமான சுத்தியலால் கொத்திக் கொத்தி நட்சத்திரமாகவும் விரல்நக அளவுச் சில்லுகளாகவும் நறுக்குகிறார். பிறகு அவற்றை வண்ணப்பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து அடுக்குகிறார்கள். கண்ணுக்குத் தெரிவது மண்ணின் நிறம் மட்டுமே. கோலம் மனப்பாடமாக இருக்க வேண்டும். பின்பக்கம் சாந்து ஊற்றி இறுகவிட்டு நிமிர்த்தும்போதுதான் தாங்கள் செய்தது இன்னதென்று அவர்களே பார்க்கிறார்கள். இத்தனை உழைப்பின் சாயலை அச்சடித்து ஷூ ரேக்குக்குப் பின்னால் ஒட்டச் சொன்னால் எனக்கு மனசு ஒப்பவில்லை. அரபி எழுத்தென்றால் இன்னும் கண்டிப்பு. அந்த மதரஸாவில் எழுத்து ஓட்டுக்கு மேலேதான் தொடங்குகிறது, முதுகு சாய்கிற உயரத்துக்குக் கீழே வருவதில்லை. வேதவரி காலணிக்கு அருகே இருக்கக் கூடாது என்று நான் சொல்லும்போது, அதை டிசைன் யோசனையாக மட்டும் சொல்வதில்லை.

அழகு யாருக்காக என்ற இதே கேள்வியை இன்றைய மொராக்கோவில் அடுக்குமாடி வீட்டுக்காரர்களும் சந்திக்கிறார்கள். இருக்கிற அறைகளில் நல்லதை விருந்தாளிக்கு ஒதுக்கி, சுவரையொட்டி நீள நீளமாகத் திண்டு மெத்தைகள் போட்டு வைக்கும் வழக்கம் அங்கே பலமாக இருக்கிறது. விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது ஈமானின், அதாவது இறைநம்பிக்கையின், பகுதி என்று வளர்ந்தவர்களுக்கு இது இயல்பு. ஆனால் அந்த அறையைப் பூட்டிவைத்துவிட்டுப் பிள்ளைகள் பக்கத்து அறையில் நெருக்கியடித்துப் படுத்தால் அது விருந்தோம்பல் ஆகாது, பெருமைக்கு வைத்த கண்காட்சி. வீண்விரயத்தைக் கண்டிக்கும் மார்க்கம் இதை ஏற்காது என்பது என் கருத்து.

போன மாதம் தனியாக வசிக்கும் ஒரு பெண் கேட்டார்: "எனக்கு விருந்தாளியே வருவதில்லையே அக்கா, அப்போ என் வீட்டுக்கு அழகு வேண்டாமா?" நியாயமான கேள்வி. அழகை இறைவன் விரும்புகிறான் என்ற ஹதீஸைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அவர் வீட்டுக்கு அழகு கூடாது என்று எப்படிச் சொல்வேன்? அவருக்கு நான் போட்டுக் கொடுத்த திட்டம் இதுதான். படுக்கையறைக்கு வெறும் சுண்ணாம்பு வெள்ளை. தொழும்போது முகம் நோக்கும் கிப்லா பக்கத்துச் சுவரில் படம், எழுத்து எதுவும் வேண்டாம், கண் அலையும். கூடத்தில் சன்னலோரமாகத் தாழ்வான திண்டு. அதன் பின்னால் இடுப்புயரத்துக்கு ஆத்தங்குடிக் கல். மொராக்கோ ஓடு வரவழைக்க அவரிடம் பணம் இல்லை, இதுவும் கையால் செய்ததுதான். திண்டின் நீளத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருவருக்குப் போதும் என்றார் அவர். நாலு பேர் உட்காரும்படி அளவெடுத்து ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன்.