எந்தக் கணக்கில் எழுதுவது?

தானா ராத்தாவில் கடை வைத்திருக்கும் எனக்கு ஊரிலிருந்து தம்பி எழுதியிருக்கிறான்: "காக்கா, உம்மாவுக்கு நடமாட்டம் குறைந்துவிட்டது. வந்து இங்கேயே கடை போடுங்கள்."

நம் பாட்டனார்களுக்கு இச்சங்கடம் இல்லை. அண்ணன் இரண்டு வருஷம் கடையில், தம்பி ஊரில், பிறகு மாற்றிக்கொள்வார்கள். 1953 ஆகஸ்டு 1இல் குடிநுழைவுச் சட்டம் அமலானபின் கப்பலேறி வருவது சுருங்கிற்று. 1969க்குப் பின் பிரஜையல்லாதார்க்கு வேலைப் பெர்மிட்டும் வந்தது. குடும்பங்கள் ஏதேனும் ஒரு கரையில் நின்றுவிட்டன. நான் நிற்பது இக்கரை.

மாதாமாதம் பணம் அனுப்புகிறாயே, போதாதா என்கிறார்கள். நாம் வியாபாரிகள், யோசித்துப் பாருங்கள். அரிசி வாங்கிய கடனை உப்புக் கொடுத்துத் தீர்க்கலாமா? கொடுத்தவர் சம்மதித்தால் தீர்க்கலாம். உம்மாவிடம் அச்சம்மதத்தை நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே இருபது வருஷமாக வரவு எழுதி வந்திருக்கிறேன்.

இங்கே அழைத்துக்கொள்ளலாமே? ஒருமுறை வந்தார்கள். ஏறக்குறைய 5,000 அடி உயரம். ராமநாதபுரத்து வெயிலில் வளர்ந்த உடம்பு. மூன்று வாரமும் கம்பளியை விட்டு வெளியே வரவில்லை. வாப்பாவின் கபுர் ஊரில் இருக்கிறதே என்றும் சொன்னார்கள்.

கடைக்காக நிற்கிறேன் என்றால் பொய். தேயிலைத் தோட்டங்களில் நம்மவர் வாடிக்கை குறைந்து, வங்காளதேசத்தாரும் நேபாளத்தாரும் வந்தாயிற்று. ஆனால் மனைவி இம்மண்ணில் பிறந்தவள்; பிள்ளைகள் படிப்பது மலாயில். அவர்களுக்கும் ஹக்கு உண்டு. அவர்களைப் பெயர்த்தெடுத்து என் மனச்சாட்சிக்கு மருந்து தேடுவது நியாயமாகாது.

ரமலானுக்கு முன் தனியே போய் உம்மாவிடமே கேட்கப்போகிறேன். "பிள்ளைகளைப் போய்ப் பார் வாப்பா" என்றுதான் சொல்வார்கள். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளலாமா என்பதே எனக்கு விளங்கவில்லை.