முள் பொய் சொல்கிறது

ஹெட்லைட் போட்டால் ஹீட் மீட்டர் முள் சட்டென்று மேலே ஏறுகிறது. அணைத்தால் இறங்கிவிடுகிறது. மாமாவின் லாரியில் எஞ்சின் மாற்றிய மறுவாரம் டிரைவர் அண்ணன் சொன்ன புகார் இது. நான் அப்போது வொர்க் ஃப்ரம் ஹோம் என்ற பெயரில் நாமக்கல்லில், மாமா வீட்டு மாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். இன்ஜினியரிங் படித்தவன், பகலில் வீட்டில் இருப்பவன். இந்த இரண்டு தகுதி போதும், ஒயரிங் பார்க்கக் கூப்பிட்டுவிடுவார்கள்.

பழைய எஞ்சின் பிளாக்கில் விரிசல் விட்டிருந்தது. உடைக்கப்போன இன்னொரு வண்டியிலிருந்து அதே வகை எஞ்சினை வாங்கி ஏற்றியிருந்தார்கள். இரும்பு வேலையெல்லாம் கச்சிதம். ஒயரிங்கை மட்டும் கடைசி நாள் அவசரத்தில் முடித்திருந்தார்கள்.

சுவிட்சைப் போட்டு, அணைத்து, பத்து முறை பார்த்தேன். ரேடியேட்டர் தண்ணீர் ஒரு நொடியில் சூடாகி அடுத்த நொடியில் ஆறாது. அப்படியானால் சூடு ஏறவில்லை, மீட்டர்தான் தப்பு. இந்தத் தர்க்கத்தில் இன்றும் எனக்கு ஓட்டை தெரியவில்லை. எர்த்தாக இருக்குமோ என்றும் சந்தேகப்பட்டேன். மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையை சேஸிஸிலும் தொட்டேன். பீப் என்றது. எர்த் சரி. செல்ஃப் கொஞ்சம் மந்தமாக அடித்தது; அது பேட்டரி என்று தனியாக ஒதுக்கிவைத்தேன்.

"முள் பொய் சொல்லுதுண்ணா. லைட் போட்டா ஏறத்தான் செய்யும், கண்டுக்காதீங்க."

"சரிங்க தம்பி. நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்."

மூன்றாவது டிரிப். பெங்களூருக்கு முட்டை லோடு, ராத்திரி. சேலம் தாண்டி தொப்பூர் ஏற்றத்தில் ஒரு ஹோஸ் கிளிப் தளர்ந்து தண்ணீர் கசிந்துகொண்டே வந்திருக்கிறது. முள் ஏறியது. ராத்திரி என்பதால் ஹெட்லைட் எரிந்துகொண்டிருந்தது. முள் எப்படியும் ஏறித்தானே நிற்கும்? கண்டுக்காமல் ஓட்டினார். ஹெட் கேஸ்கெட் போய், வெள்ளைப் புகை வந்த பிறகுதான் வண்டி நின்றது. இறக்கத்தில், பின்னால் வண்டிகள் வரிசையாக வரும் இடத்தில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் அதிகம் யோசிக்காமல் இருக்கப் பழகியிருக்கிறேன்.

வண்டி திரும்பி வந்ததும் பட்டறையில் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர் பார்த்தார். கேஸ்கெட் மாற்றி எஞ்சினை ஓடவிட்டு, லைட்டைப் போடச் சொன்னார். முள் ஏறியது. ஒரு தடித்த ஜம்பர் கேபிளை எடுத்து பேட்டரி மைனஸையும் எஞ்சின் பிளாக்கையும் நேரடியாக இணைத்தார். முள் அப்படியே இறங்கி உட்கார்ந்தது. வேலை முடிந்தது. பீடி பற்றவைக்கப் போய்விட்டார்.

லாரியில் பல்புக்கோ மீட்டருக்கோ பேட்டரி வரைக்கும் தனி மைனஸ் ஒயர் கிடையாது. சேஸிஸ் இரும்புதான் மைனஸ். ஆனால் எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் எஞ்சினையும் சேஸிஸையும் ஒரு செம்புப் பின்னல் பட்டை இணைக்கும். எஞ்சின் மாற்றும்போது அதைக் கழற்றியாக வேண்டும். எங்கள் வண்டியில் பாதி இழைகள் அறுந்த பட்டையை, பெயின்ட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே முறுக்கியிருந்தார்கள். ஹெட்லைட்டுக்கு டைனமோ கொடுத்த கரண்ட் சேஸிஸ் வழியாக எஞ்சினுக்குத் திரும்ப வேண்டும், வழி குறுகல், அங்கே வோல்டேஜ் விழுகிறது. ஹீட் மீட்டரின் சென்சாருக்கு எர்த் எஞ்சின்தான். அந்த வித்தியாசத்தால் சென்சார் வழியே கூடுதல் கரண்ட் பாய, முள் ஏறுகிறது. டீசல் மீட்டரின் சென்சார் டேங்கில், சேஸிஸ் பக்கம் இருப்பதால் அது அசையாது. டீசல் முள் அசையாமல் இருந்ததை நானும் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். மந்தமான செல்ஃபுக்கும் இதே பட்டைதான் காரணம்.

என் மல்டிமீட்டர் ஏன் பீப் அடித்தது? கன்டினியூட்டி சோதனையில் அது அனுப்புவது சில மில்லிஆம்பியர். ஒற்றை இழை மிச்சமிருந்தாலும் பீப் வரும். செல்ஃப் அடிக்கும்போது அதே வழியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் போக வேண்டும். கனத்தை ஏற்றிவைத்துக்கொண்டு அளக்க வேண்டும்: பேட்டரி மைனஸுக்கும் பிளாக்குக்கும் நடுவே வோல்ட் மீட்டர், செல்ஃப் அடிக்கும்போது பாயின்ட் ஐந்துக்கு மேல் காட்டினால் பட்டையில் கோளாறு. பழைய பட்டையோடு பிறகு அளந்தேன். மூன்றைத் தாண்டியது.

டபிள்யூ. கே. கிளிஃபோர்ட் 1877இல் நம்பிக்கையின் அறம் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளி வருவார். கப்பல் பழசு என்ற சந்தேகத்தை மனசுக்குள்ளேயே அமுக்கி, நல்லபடியாகப் போய்ச்சேரும் என்று உண்மையாகவே நம்பி அனுப்பிவைப்பார். கப்பல் மூழ்கும். மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளிதான், அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை என்பது கிளிஃபோர்டின் வாதம். காலேஜில் படித்தபோது, எனக்கும் அந்த ஆளுக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்தேன். இப்போதும் ஒரு வித்தியாசம் இருக்கிறது: நான் சந்தேகத்தை அமுக்கவில்லை, சோதித்தேன். ஆனால் 'இல்லை' என்று சொல்லவே தெரியாத ஒரு சோதனையைத் தேர்ந்தெடுத்தேன். பீப் கேட்டதும் வந்த நிம்மதி, அந்த முதலாளியின் நிம்மதியைவிட எந்த வகையில் நேர்மையானது?

இன்னொரு குழப்பமும் உண்டு. நான் சொன்னது உண்மை. முள் பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தது. டிரைவர் அண்ணனுக்கு அந்த உண்மையோடு சேர்த்து நான் கொடுத்தது, இனிமேல் பார்க்க வேண்டாம் என்ற அனுமதி. ஆபீஸில் இதைத் தினமும் செய்கிறோம். ராத்திரி இரண்டு மணிக்கு அடிக்கும் அலர்ட்டை "அது சும்மா அடிக்கும்" என்று புதுப் பையனிடம் சொல்லி மியூட் பண்ணவைக்கிறோம். தொண்ணூறு தடவை அது சும்மாதான் அடிக்கிறது.

மாமா ரிப்பேர் செலவில் ஒரு பங்கை டிரைவர் பேட்டாவில் பிடித்தார். "ஹீட் ஏறுறதைக்கூடப் பாக்காம ஓட்டியிருக்கான்" என்றார். நான் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். டிரைவர் அண்ணன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன், வசதியாக.

தத்துவக் கட்டுரைகளில் லாரி டிரைவர் வருவது அபூர்வம். பெர்னார்ட் வில்லியம்ஸின் கட்டுரையில் ஒருவர் வருகிறார். தன் தப்பு எதுவும் இல்லாமல் ஒரு குழந்தை மேல் வண்டியை ஏற்றிவிடுகிறார். வேடிக்கை பார்த்தவர்களும் வருந்துவார்கள், ஆனால் ஓட்டியவரின் வருத்தம் வேறு வகை. அவர் சீக்கிரம் தேறிவிட்டால் நமக்கே ஒரு மாதிரி இருக்கும் என்கிறார் வில்லியம்ஸ். ஸ்டீயரிங்கில் கை வைத்தவர்தான் செய்தவர் என்பதில் அங்கே குழப்பமில்லை. எங்கள் வீட்டுக் கூடத்திலும் குழப்பமில்லை. நான் வேடிக்கை பார்த்தவன்.

நான்கு நாள் கழித்துச் சொன்னேன். மாமா சிரித்தார். "நீ என்ன வண்டியவா ஓட்டுன மாப்ள? ஓட்டுறவன்தான் பாக்கோணும்." ரொம்ப வாதாடியதில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். மீதியை நான் கொடுக்கப் போனேன். "அட உடுங்க தம்பி" என்று டிரைவர் அண்ணன் வாங்க மறுத்துவிட்டார். வாங்கியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

புதுப் பட்டை மாட்டிய அன்று கேட்டார், "அப்ப இனி முள்ள நம்பலாங்களா?"

நம்பலாம் என்பதுதான் பதில். வாயில் வரவில்லை. "நானும் வரேண்ணா" என்று கேபினில் ஏறிக்கொண்டேன். தொப்பூர் ஏற்றம் முழுக்க, ஹெட்லைட் வெளிச்சத்தில், முள் நடுவிலேயே நின்றது. ஏறி முடித்ததும் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினார். டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கிப்போய் ஹோஸ் கிளிப் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். எனக்கும் ஒரு டீ சொன்னார்.