கூர் நிற்காத கத்தி

கத்தி வாங்குகிறவர்கள் அது வெட்டுமா என்று பார்த்து வாங்குகிறார்கள். எத்தனை நாள் வெட்டும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் கடைக்காரர் சிரிப்பாரே தவிரப் பதில் சொல்லமாட்டார். தகரத்தைத் தீட்டினால்கூட முதல் நாள் தக்காளி அறுக்கும். நாலாம் நாள்தான் அதன் ஜாதகம் தெரியவரும். தோலின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். அழுத்தினால் பழம் நசுங்கும். இன்னும் அழுத்தினால் விரல்.

விரலில் ரத்தம் வந்த வீட்டில் கத்தியை யாராவது கோபித்துக்கொண்டு பார்த்திருக்கிறீர்களா? "பார்த்து அறுக்கக் கூடாதா?" என்று அந்தப் பெண்ணைத்தான் கேட்பார்கள். செய்தவன் தப்பித்துக்கொண்டான், விற்றவன் தப்பித்துக்கொண்டான். பொருளின் குற்றம் அதைப் புழங்குகிறவளின் குற்றமாகிவிட்டது. சமையலறை விஷயம்தானே என்று இதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை.

கூர் ஏன் நிற்பதில்லை? நான் ரசாயனத்தை அரைகுறையாகப் படித்தவன். இருந்தாலும் இவ்வளவு சொல்லலாம். இரும்போடு கரி தக்க அளவு சேர்ந்து, அதைச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் கெட்டிப்படும். நம் கொல்லர்கள் அதைத் தோய்ச்சல் என்பார்கள். பிறகு கொஞ்சம் சூடு காட்டி, உடையாமல் இருக்கும்படி பதப்படுத்த வேண்டும். தோய்ச்சல் ஏறாத இரும்பில் கூர் வைக்கலாம், நிறுத்த முடியாது. நாம் எவர்சில்வர் என்று செல்லமாகச் சொல்லும் உலோகத்தில் குரோமியமும் நிக்கலும் கலந்து டம்ளரும் தட்டும் செய்கிறார்களே, அந்தத் தகடு எத்தனை காய்ச்சினாலும் தோய்ச்சல் ஏற்காது. அதையே கத்தி வடிவத்தில் வெட்டி, பிளாஸ்டிக் பிடி மாட்டினால் அது கத்தியின் வேஷம் போட்ட டம்ளர். ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் சந்தேகமே வேண்டாம், அது அந்த ஜாதி. ஒட்டினால் மட்டும் நல்ல கத்தி என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். ஒட்டுகிற சோப்ளாங்கிகளும் உண்டு.

இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி என்பவர் 1913ல் துருப்பிடிக்காத எஃகைக் கண்டுபிடித்தார். துப்பாக்கிக் குழல் தேயாமல் இருக்க வழி தேடியவர் கையில் இது கிடைத்தது. ஆனால் அதில் முதலில் செய்த கத்திகள் வெட்டவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்த மகான் என்று அவ்வூர்க் கத்திக்காரர்களே அவரைக் கேலி செய்தார்கள். எந்தச் சூட்டில் காய்ச்ச வேண்டும், எப்படித் தோய்க்க வேண்டும் என்று கண்டறிந்த பிறகுதான் அது கத்தியாயிற்று. ஆகவே துருப்பிடிக்காததெல்லாம் மட்டம் என்று நான் சொல்லவில்லை. செய்யத் தெரிந்திருந்தும் செய்யாமல் விடுவதைத்தான் சொல்கிறேன்.

காலடிப்பேட்டை என்றதும் ஏதோ ஒரு மகானின் காலடி என்று நினைக்கிறவர்கள் உண்டு. 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் துரை நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை அது. காலெட்பேட்டை என்ற பெயர் முந்நூறு வருஷம் ஜனங்களின் நாக்கில் உரசி உரசி இப்படி மெருகேறிவிட்டது. இன்று தலைக்கு மேலே மெட்ரோ ரயில் ஓடுகிறது. கீழே தெருவில் சாணை பிடிப்பவரின் குரல் எப்போதாவது கேட்கிறது.

அங்கே ஒரு நாள் அப்படிப்பட்டவர் ஒருவரிடம் ஒரு பெண் பளபளவென்று ஒரு கத்தியைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் கட்டைவிரல் நகத்தில் அதை வைத்துப் பார்த்தார்.

"யம்மா, இதுல தோய்ச்சலே இல்ல. புடிச்சுத் தரேன், ரெண்டு நாளு வெட்டும். அப்பால என்னைத் திட்டாதே."

"ரெண்டு நாள் போதும் அண்ணே. நாளைக்கு ஊர்லேர்ந்து ஜனம் வருது."

சக்கரத்தை மிதித்தார், சூடேறாமல் இருக்க நடுநடுவே தண்ணீரில் தோய்த்தார், காசு வாங்கிக்கொண்டார்.

வாங்கலாமா? நிற்காது என்று தெரிந்த வேலைக்குக் கூலி வாங்குவது நியாயமா என்று பக்கத்தில் இருந்த நண்பர் கேட்டார். நியாயம்தான் என்பது என் கட்சி. அவர் விற்றது இரண்டு நாள் கூர். இரண்டு நாள் என்று சொல்லி விற்றார். கத்தியைச் செய்தவனும் அதே இரண்டு நாள் கூரைத்தான் விற்றான். ஆனால் அவன் வாயைத் திறக்கவில்லை. பளபளப்பைப் பேசவிட்டான்.

"ஏழைக்கு மலிவாக ஒரு கத்தி வேண்டாமா?" என்று நண்பர் விடவில்லை. வேண்டும். மலிவு குற்றமே அல்ல. கொல்லன் பட்டறையில் அடித்த இரும்புக் கத்தியும் மலிவாகத்தான் கிடைத்தது. கறுப்பு, அசிங்கம், எலுமிச்சம்பழம் பட்டால் கறை, துடைக்காவிட்டால் துரு. அதன் குறை முழுவதும் கண்ணுக்கு முன்னால் இருந்தது. இதன் குறையோ மினுமினுப்புக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. துடைக்கச் சோம்பல்பட்டு நாமும் மினுமினுப்புப் பக்கம் சாய்ந்தோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கொடுமணலில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னேயே எஃகு உருக்கியவர்களின் ஊர் இது. நம் தென்னாட்டு எஃகை லண்டன் கத்திக்காரர் ஸ்டோடார்ட் மெச்சி வாங்கினார். பாரடே 1819ல் அதைச் சோதித்துப் பார்த்தார். அந்தப் பெருமையைப் பேசிக்கொண்டே தக்காளியை நசுக்கிக்கொண்டிருக்கிறோம்.

காசிமேட்டில் மீன் வெட்டுகிறவர்கள் கையில் இந்தப் பளபளப்பு ஏறுவதில்லை. அவர்களுக்குப் பெரிய, கனத்த, கறுத்த கத்திதான். லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக வளைந்து பாரம் தாங்குமே, அந்த வில்பட்டையை அடித்துச் செய்த கத்தி என்றால் தனி மதிப்பு. பாரம் தாங்க வேண்டிய எஃகு ஆகையால் அதில் தோய்ச்சல் ஏறும். கூர் போனால் அவர்களுக்குக் கூலி போகும். அதனால் கேட்டு வாங்குகிறார்கள். வீட்டில் அறுக்கிறவளுக்குக் கூலி கிடையாது. அவள் கத்தியைப் பற்றி யாரும் விசாரிப்பதுமில்லை.

அந்தப் பெண்ணின் கத்தி வந்த மாதிரி அட்டை ஒன்று என் வீட்டிலும் கிடக்கிறது. விலை, தயாரித்த மாதம், கம்பெனி விலாசம் எல்லாம் அச்சிட்டிருக்கிறது. என்ன எஃகு, தோய்ச்சல் போட்டதா என்று எழுத ஒரு வரி இடம் காலியாகவே இருக்கிறது. அடுத்த முறை கடைக்குப் போகும்போது அட்டையையும் ஒரு காந்தத்தையும் எடுத்துப்போகலாம் என்றிருக்கிறேன்.