முந்தின இரவே தொடங்கும் விருந்து



லூக்கா 7ஆம் அதிகாரத்தில் பரிசேயரான சீமோன் இயேசுவை விருந்துக்கு அழைக்கிறார். பந்தி இருந்தது, கால் கழுவத் தண்ணீர் இல்லை. உணவு இருந்தது, வரவேற்கும் முத்தம் இல்லை. இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் ஒரு டாக்கோ கடை என் நினைவுக்கு வருகிறது.

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் பணியாற்றிய நாள்கள் அவை. மெக்சிகோவில் பிறந்த பங்கு மூதாட்டி ஒருவர், தம் ஊர்ச் சாப்பாட்டை எனக்குக் காட்ட ஆசைப்பட்டு ஒரு கடைக்கு அழைத்துப் போனார். கல்லாவில் இருந்தவர் தலை நிமிரவில்லை. வெகுநேரம் கழித்துத் தட்டு வந்தது. இறைச்சி ஆறிப் போயிருந்தது. கையில் எடுத்ததும், இறைச்சியைப் பொதிந்திருந்த தொர்த்தியா என்னும் மக்காச்சோள ரொட்டி இரண்டாக உடைந்து எல்லாம் மேசையில் கொட்டியது. மூதாட்டியின் முகம் வாடிவிட்டது. “மன்னியுங்கள், பாத்ரே (தந்தையே)” என்றார். தவறு கடையினுடையது, மன்னிப்புக் கேட்டவர் அவர்.

அடுத்த ஞாயிறு தம் வீட்டுக்குக் கூப்பிட்டார். சனி இரவே மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, நாம் இட்லிக்கு ஊறப்போடுவதுபோல இரவெல்லாம் ஊறவைத்தார். காலையில் தோல் நீங்கக் கழுவி, அரைத்து, தட்டி, தோசைக்கல் போன்ற கொமாலில் சுட்டு, ஆறாமல் இருக்கத் துணியில் பொதிந்து என் கையில் வைத்தார். மடித்தேன், உடையவில்லை.

மெக்சிகோ மக்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவரும் பக்குவம் இது. ஐரோப்பியர் மக்காச்சோளத்தைக் கடல் கடந்து கொண்டுபோனார்கள். இந்தப் பக்குவத்தைக் கொண்டுபோகவில்லை. சுண்ணாம்பு நீரில் வெந்தால் அந்தத் தானியத்திலுள்ள நியாசின் என்னும் சத்து உடலில் நன்கு சேரும். அது தெரியாததால், வட இத்தாலியில் மக்காச்சோளத்தையே உண்டு வாழ்ந்த ஏழைகள் பெல்லாக்ரா நோயில் விழுந்தார்கள். வயிறு நிறைந்தது, உடல் நலிந்தது.

அன்பானவர்களே, சீமோன் வீட்டில் குறைந்தது இந்தப் பக்குவம்தான். அழைத்தவர் வரவேற்புக்கு எதையும் ஆயத்தம் செய்யவில்லை. அழைக்கப்படாமல் வந்த பெண்ணோ நறுமணத் தைலத்தோடு வந்தாள். ஆண்டவரைச் சந்திக்கும் முன்பே அவளுடைய அன்பு வேலையைத் தொடங்கிவிட்டது. கால் கழுவும் மீதி வேலையைக் கண்ணீர் செய்தது.

நம் கோவிலுக்கும் பசியோடு ஆட்கள் வருகிறார்கள். கணவரை இழந்தபின் முதன்முறை தனியே வரும் பெண், வேலைக்காக ஊர்விட்டு வந்த இளைஞன், பல ஆண்டுகள் கழித்துத் தயங்கித் தயங்கிக் கடைசி வரிசையில் அமர்பவர். திருப்பலி நடக்கிறது, பாடல் ஒலிக்கிறது, பந்தி விரிந்திருக்கிறது. ஆனால் யாரும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்காவிட்டால், அவர் சீமோன் வீட்டு விருந்தாளியாகத்தான் திரும்பிப் போவார். மறையுரைக்கு ஆயத்தமாகாமல் நான் இங்கே நின்றாலும் அப்படித்தான்.

ஆகவே ஒன்று செய்வோம். சனி இரவே ஞாயிறு வாசகங்களை வீட்டில் சேர்ந்து வாசிப்போம். பத்து நிமிடம் முன்னதாக வருவோம். தெரியாத முகத்தைக் கண்டால் பெயர் கேட்டு, பக்கத்தில் இடம் கொடுப்போம்.

நம்மால் வாடிய முகத்தோடு திரும்பியவர்களுக்காக, அந்த மூதாட்டியைப் போல, இன்று நாமே மன்னிப்புக் கேட்போம். ஆண்டவரே, உம் பந்திக்கு வரும் எவரையும் வெறுங்கையோடு அனுப்பாத மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.