இயற்கை என்னும் சொல்

மாதவிடாய் ஓய்வு நோயன்று, பருவ மாற்றம். ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் உடல் வெப்பமும் வியர்வையும் உறக்கமின்மையும் பலருக்குத் தோன்றுகின்றன. அவற்றைத் தணிக்க ஆயுர்வேதம் சதாவரி எனப்படும் தண்ணீர்விட்டான் கிழங்கைப் பரிந்துரைக்கிறது. பினாங்கில் வாழும் நம் குடும்பங்களிலும், ‘இயற்கை மருந்துதானே’ என்ற சொல்லே போதிய சான்றாகி விடுகிறது.

2002-ஆம் ஆண்டு அமெரிக்காவில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த சிகிச்சையைப் பற்றிய ஆய்வு, மார்பகப் புற்றுநோய் மிகுவதைக் கண்டு இடையில் நிறுத்தப்பட்டது. அதனால் எழுந்த அச்சம் நியாயமே. ஆயினும் ஒன்றன் தீமை மற்றொன்றன் நன்மைக்குச் சான்றாகுமா? மலேசியாவில் பதிவுபெற்ற பாரம்பரிய மருந்து, ‘மால்’ எனத் தொடங்கி ‘டி’ என முடியும் எண்ணைத் தாங்கி வருகிறது. அவ்வெண் பாதுகாப்புக்கும் தரத்துக்குமே உரியது, பயனுக்கு உறுதியன்று. மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் உதிரம் கண்டால், லேகியத்தை நம்பியிராமல் மருத்துவரையே நாட வேண்டும்.

இதனினும் பெரிய பிழை ஒன்றுண்டு. தாயின் துன்பத்தையும் ‘இயற்கை’ என்று சொல்லி அமைந்து விடுகிறோம். பசியும் இயற்கையே, அதற்காக எவரையும் பட்டினி கிடக்கச் சொல்வதுண்டோ? எம்மருந்தை ஏற்பது என்பது அவள் உரிமை. அவள் சொல்வதைச் செவிமடுப்பதும், அறிந்த உண்மையை மறைக்காமல் உரைப்பதும் நம் கடன்.