வாக்கில்லாதவர் பேசலாமா?

கிராம சபையின் உறுப்பினர் யார் என்பதில் அரசியலமைப்பில் குழப்பம் எதுவும் இல்லை. அந்த ஊராட்சிப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே கிராம சபை என்கிறது 243ஆம் பிரிவு. பிறந்த ஊரிலேயே உழுது, நெய்து, அங்கேயே மண்ணாகிப் போகும் மக்களுக்கு இந்த வரையறை சரியாகப் பொருந்தும். திருப்பூரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளிலோ அது அங்கே குடியிருப்பவர்களில் பெருந்தொகையானோரைப் பந்தலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

பெருமாநல்லூர், முதலிபாளையம், மங்கலம், இடுவாய் என்று எந்தப் பக்கம் போனாலும் தோட்டங்காடுகளின் ஓரத்தில் லைன் வீடுகள் நிற்கின்றன. வரிசையாக அறைகள். ஓர் அறைக்குள் நான்கைந்து பேர். மொத்த வரிசைக்கும் ஓர் உப்புத் தண்ணீர்த் தொட்டி, ஒன்றிரண்டு கழிப்பறைகள். குடிக்க கேன் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். காலை எட்டரைக்குப் பனியன் கம்பெனிக்குள் நுழைபவர் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்குத் திரும்பி, அந்தத் தொட்டியடியில் வரிசையில் நிற்கிறார். தேனியிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட்காரராகவும் இருக்கலாம். அவருடைய ஓட்டு பெரும்பாலும் சொந்த ஊரில் கிடக்கிறது. உழைப்பும் வாடகையும் நோயும் குப்பையும் இங்கே. இந்த ஊரின் தண்ணீரைப் பற்றியும் சாக்கடையைப் பற்றியும் ஊர் கூடிப் பேசும்போது அவருக்கு அங்கே இடம் உண்டா?

ஊர்ச் சபை என்ற பேச்சு வந்தால் நாம் உத்திரமேரூருக்குப் போய்விடுவோம். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகள் பெருமைக்குரியவைதான். ஆனால் குடவோலையில் யார் பெயர் எழுதலாம் என்று அதே கல் விதிக்கும் தகுதிகளையும் படிக்க வேண்டும்: கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, வேத அறிவு. அந்த நிலத்தில் கூலிக்கு இறங்கியவருக்கும் வாடகைத் திண்ணையில் படுத்தவருக்கும் அங்கே ஓலை இல்லை. அவையில் உட்கார மண் வேண்டும் என்ற எண்ணம் ஆயிரம் ஆண்டுப் பழையது. இன்று சட்டத்தில் அது இல்லை, மனத்தில் இருக்கிறது.

மறுப்பவர்கள் தரப்பில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. இரண்டு தீபாவளிக்கு இங்கே இருந்துவிட்டுப் போகிறவர், இருபது ஆண்டுகள் இந்த ஊர் சுமக்கப் போகும் முடிவில் எப்படிக் கை வைக்கலாம் என்று அவர்கள் கேட்கிறார்கள். சரியான கேள்வி. இன்னொன்று இதைவிடக் கூர்மையானது. வாடகைக்காரருக்கும் வடமாநிலத் தொழிலாளிக்கும் சபையில் கை தூக்கும் உரிமை வந்தால், நாளை ஒரு கம்பெனி தன் வேனில் ஆட்களை ஏற்றி வந்து வேண்டிய தீர்மானத்தை நிறைவேற்றிக்கொண்டு போய்விடும். வேலை கொடுப்பவரிடமே தங்கும் இடமும் இருக்கும் ஊரில் இது வெறும் கற்பனைப் பயம் அல்ல.

ஆனால் இந்த இரண்டு மறுப்பும் முடிவெடுக்கும் உரிமையைப் பற்றியவை. பேசும் உரிமை வேறு. 243ஆம் பிரிவு உறுப்பினர் யார் என்றுதான் சொல்கிறது. மற்றவர் வாய் திறக்கக் கூடாது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. அயர்லாந்தில் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமைகூடத் தேவையில்லை, அங்கே வசித்தாலே போதும். நாம் அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், தன் தொட்டித் தண்ணீர் நாறுகிறது என்று சொல்ல ஒருவரிடம் வாக்காளர் அட்டை கேட்பது அறமாகாது. பாதிப்பு ஒருவரைத் தொடும்போது அடையாள அட்டை பார்த்துத் தொடுவதில்லை. அந்த லைன் வீட்டிலிருந்து கிளம்பும் டெங்கு, பட்டியலில் பெயருள்ள பக்கத்து வீட்டுக்கும் போகும். பாறைக்குழியில் கொட்டும் குப்பையைப் பற்றி ஊர் கொதிக்கிறது. அதில் ஒரு பங்கைப் போடுகிறவர்களை அழைக்காமலே அதைப் பேசி முடித்துவிட முடியுமா?

பாதிக்கப்படுபவரை வெளியே வைத்துப் பேசிய பேச்சுக்கு இந்த ஊர் ஒருமுறை பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1992இல் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அங்கே சேர்ந்தது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு. பாசனத்துக்காகக் கட்டிய அணையின் நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று கீழே இருந்த விவசாயிகளே மன்றாடும் நிலை வந்தது. ஏற்றுமதி எவ்வளவு, அந்நியச் செலாவணி எவ்வளவு என்று திருப்பூரில் நடந்த பேச்சு எதிலும் கீழ்நொய்யல்காரருக்கு நாற்காலி கிடையாது. அவர் வேறு தாலுகா, வேறு மாவட்டம், வேறு ஓட்டு. ஊர்க் கூட்டத்தில் கிடைக்காத காது அவருக்கு நீதிமன்றத்தில்தான் கிடைத்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் தொடுத்த வழக்கில், கழிவுநீர் துளியும் ஆற்றில் விடக் கூடாது என்ற வழிக்கு 2006இல் உயர் நீதிமன்றம் தொழிலைத் திருப்பியது. 2009இல் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கமே நின்றது. அதற்குப் பிறகும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரி இறுதியில் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

தீர்ப்பு நியாயமானது. அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பட்டறை மூடியதும் முதலில் தெருவுக்கு வந்தவர் சாயத்தொட்டியடியில் ரப்பர் பூட்ஸோடு நின்ற கூலிக்காரர். ஆற்றில் எதை விடுவது என்று அவரை யாரும் கேட்டதில்லை. வழக்கிலும் அவர் ஒரு தரப்பு இல்லை. கீழே விவசாயி, மேலே தொழிலாளி, இருவரும் பேச்சுக்கு வெளியே. இருவர் தலையிலும்தான் சுமை இறங்கியது. தீர்ப்புக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே இவர்கள் மூவரும், பட்டறைக்காரரையும் சேர்த்துத்தான், ஒரே பந்தலின் கீழ் உட்கார்ந்திருந்தால் ஆறு பிழைத்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. நீரின் நிறத்தைப் பற்றித் தெரியாது என்று சொல்லும் வசதியாவது யாருக்கும் இருந்திருக்காது.

2023 மார்ச்சில் வேறொரு வடிவில் இதே குறை வெளிப்பட்டது. தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. திருப்பூரில் அச்சம் தொற்றியது. பலர் ஊருக்கு ரயிலேறினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. நம் நிர்வாகமும் காவல் துறையும் அப்போது நன்றாகவே செயல்பட்டன: உதவி எண்கள் தந்தார்கள், இந்தியில் பேசி விளக்கினார்கள். ஆபத்து வந்த நாளில் அவர்கள் மொழியில் பேச நம்மால் முடிந்தது. சாதாரண நாளில் அவர்கள் சொல்வதைக் கேட்க ஓர் ஏற்பாடு இருந்திருந்தால், அண்டை வீட்டாரின் முகமாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்த முகத்தின் மேல் வதந்தி அவ்வளவு எளிதில் ஏறாது.

நேரமில்லை என்ற சாக்கும் நிற்காது. தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். அவற்றில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் கம்பெனிகள் சட்டப்படி விடுமுறை விட வேண்டிய நாள்கள். அன்று தொழிலாளி லைன் வீட்டில்தான் இருக்கிறார், துணி துவைத்துக்கொண்டு. ஒலிபெருக்கி அழைப்பும் காதில் விழுகிறது. அது தனக்கான அழைப்பு என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

சொன்னாலும் ஒரு சிக்கல் மிஞ்சும். லைன் வீட்டின் சொந்தக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, வாடகைக்காரர் எழுந்து கழிப்பறையைப் பற்றிப் பேச மாட்டார்; பேசினால் மறுநாள் அறையைக் காலி செய்ய வேண்டியிருக்கும். வேனில் கொண்டுவந்து இறக்கப்பட்டவரும் உண்மை சொல்ல மாட்டார். எனவே ஒப்பந்தக்காரரையும் வீட்டுக்காரரையும் தவிர்த்து, சபைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஊராட்சிச் செயலர் மொழி தெரிந்த ஒருவரோடு லைன் வீடுகளுக்குப் போய்க் குறைகளைக் கேட்டு எழுதி வர வேண்டும். சபையில் பெயர் சொல்லாமல், வார்டு எண்ணோடு மட்டும் அவற்றை வாசிக்க வேண்டும். கை தூக்குவது வாக்காளரின் வேலையாகவே இருக்கட்டும். வாசித்த குறையும் அதற்குச் சபை சொன்ன பதிலும் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும், வரவு செலவுக் கணக்கு ஏறுவதைப் போலவே.